கந்தமால் கன்னியாஸ்திரி வழக்கு (2008)

அப்போதைய ஒரிசா (இன்றைய ஒடிசா) மாநிலம் கந்தமால் மாவட்டத்தில், 2008 ஆகஸ்ட் 25 அன்று ஒரு கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி கும்பலால் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார். அரசியலும் மதமும் மோதிக்கொண்ட வழக்கு இது. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடச் சட்டம் இடம் தருவதில்லை என்பதால் இங்கும் குறிப்பிடவில்லை.

இரண்டு நாள் முன்பு, ஆகஸ்ட் 23 இரவு, விசுவ இந்து பரிசத் தலைவர் சுவாமி இலட்சுமணானந்த சரசுவதியும் உடனிருந்த நால்வரும் ஜலேஸ்பேட்டா ஆசிரமத்தில் சுட்டுக் கொல்லப்பட்டனர். மாவோயிஸ்டுகள் பொறுப்பேற்றனர். ஆனால் பழி கிறித்தவர்கள் மேல் விழுந்தது. தேவாலயங்களும் வீடுகளும் எரிந்தன. அரசுக் கணக்கிலேயே ஏறத்தாழ 40 பேர் இறந்தனர்.

இதை மதக் கலவரம் என்று மட்டும் படித்தால் பாதிதான் விளங்கும். கந்தர்கள் பழங்குடியினர், அவர்கள் பேசும் குயி நம் தமிழைப் போலவே திராவிட மொழி. (வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்!) பாணர்கள் பட்டியல் சாதியினர். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறித்தவரானால் பட்டியல் சாதிச் சலுகை போய்விடும். பழங்குடிச் சலுகைக்கு மதம் தடையில்லை. தாங்களும் குயி பேசுவதால் பழங்குடித் தகுதி வேண்டும் என்று பாணர்கள் கேட்டனர், கந்தர்கள் எதிர்த்தனர். நிலத் தகராறும் உண்டு. 2007 டிசம்பரிலேயே அங்கு வன்முறை வெடித்திருந்தது.

கன்னியாஸ்திரி உடனே புகார் கொடுத்தார். எனினும் ஒரு மாதத்துக்கு மேல் யாரும் கைதாகவில்லை. நாளிதழில் செய்தி வந்த பிறகுதான், அக்டோபர் தொடக்கத்தில், கைதுகள் தொடங்கின. மத்தியப் புலனாய்வு விசாரணைக்கான கோரிக்கையை அக்டோபர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் முகத்தை மறைத்துக்கொண்டு தில்லியில் செய்தியாளர்கள் முன் வந்தார். காவலர்கள் அருகிலிருந்தும் காப்பாற்றவில்லை என்றார். அந்தத் துணிவை எத்தனை பேர் இன்று நினைவில் வைத்திருக்கிறார்கள்? கட்சிகளோ மதமாற்றத்தைப் பற்றியே வாதாடிக் கொண்டிருந்தன. ஆட்சியில் கூட்டாளிகளாக இருந்த பிஜு ஜனதா தளமும் பாரதிய ஜனதாவும் 2009 மார்ச்சில், தேர்தலுக்குச் சற்று முன், பிரிந்தன.

சுவாமி கொலை வழக்கில் 2013-இல் எட்டுப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்களில் ஏழு பேர் உள்ளூர்க் கிறித்தவர்கள். அவர்களுக்கு 2019-இல் உச்ச நீதிமன்றம் பிணை வழங்கியது.

கன்னியாஸ்திரி வழக்கு கந்தமாலிலிருந்து கட்டக்கிற்கு மாற்றப்பட்டது. 2014 மார்ச்சில் தீர்ப்பு வந்தபோது, ஒன்பது பேரில் ஒருவருக்கு வன்கொடுமைக்காக 11 ஆண்டுச் சிறை. இருவருக்கு மானபங்கம் செய்ததற்காக 26 மாதம். மற்ற ஆறு பேர் விடுதலையானார்கள்.