வயலற்றோர் பொங்கல்

உழவை உயிராகக் கொண்ட மக்கள் எங்கு வாழினும், விளைவின் முதற்பகுதியைத் தெய்வத்துக்குப் படைத்து, எஞ்சியதைச் சுற்றத்தோடு கூடியுண்ணும் வழக்கம் அவர்களிடையே காணப்படுகின்றது. யூதர் இலையுதிர் காலத்திலே கூடாரப் பண்டிகை கொண்டாடுவர். சீனர் கூதிர்ப் பருவத்து முழுமதி நாளிலே குடும்பத்தோடு கூடுவர். மலையாளர் ஆவணியில் ஓணம் கொண்டாடுவர். தமிழர் தை முதல் நாளிற் பொங்கலிடுவர். இவ்விழாக்கள் யாவற்றுக்கும் நிலைக்களங்கள் இரண்டு: ஒன்று வயல், மற்றது வீடு. இவ்விரண்டும் தமக்கு உரியனவாகாத மக்கட்கூட்டம் ஒன்று அறுவடை விழாவை எங்ஙனம் பேணியது? கண்டிக்குக் கிழக்கேயுள்ள தெல்தெனியவும் அதனைச் சூழ்ந்த தும்பறைப் பகுதியும் இவ்வினாவுக்கு விடை கூறத்தக்க வரலாறு உடையன.

கண்டியரசர் காலத்திலே புத்தரிசி விழா அரசவிழாவாக விளங்கிற்று. ஜோன் டேவி என்னும் ஆங்கில மருத்துவர் 1821இல் வெளியிட்ட நூலில், கண்டியரசின் நான்கு பெருவிழாக்களுள் ஒன்றாக இதனைக் குறித்துள்ளார். ‘அளுத் சஹல் மங்கல்லய’ எனச் சிங்கள மக்கள் வழங்கும் இவ்விழா, தைப்பொங்கலை ஒட்டிய துருத்து மாதத்திலே தலதா மாளிகையில் இன்றும் நிகழ்கின்றது. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டோர் தென்னிந்திய நாயக்கர் மரபினர். அம்மரபின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், தெல்தெனியவுக்கு அப்பாலுள்ள மெதமஹநுவரப் பகுதியிலே 1815 பெப்ரவரி 18ஆந் தேதி சிறைப்பட்டான். அவனோடு ஓர் அரசு முடிந்தது. அடுத்து வந்தது கோப்பி.

1820களிலே கம்பளைப் பக்கத்தில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை, சில பத்தாண்டுகளுள் தும்பறை, ரங்கல, நக்கிள்ஸ் மலைச்சாரல்களிலும் பரவிற்று. கோப்பிப் பழம் பறிக்கும் காலம் பெரும்பாலும் ஆவணி முதல் கார்த்திகை வரையாகும். அப்பருவத்துக்கென மதுரை, திருச்சி, தஞ்சை முதலிய மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் கங்காணிமாரோடு புறப்பட்டுக் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து வந்தனர். கொள்ளை நோயாலும் பசியாலும் வழியிலே மாண்டோர் பலர். பிழைத்தோருட் பலர் பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினர். ஊரிலோ தையில் நெல்லறுவடை. ஆகவே அக்காலத் தொழிலாளிக்கு ஆண்டில் இரண்டு அறுவடைகள் இருந்தன: இலங்கை மலையிலே பிறனுக்காகச் செய்த அறுவடைக்கு விழா இல்லை, விழா தன் ஊரில், தன் வீட்டிலேதான் இருந்தது. அவன் திரும்பி நடந்தமைக்குக் கூலிக் கணக்கு மட்டுமன்றி, இவ்விழாவும் ஒரு காரணமாதல் கூடும்.

இந்நிலையை மாற்றியது ஓர் இலைநோய். 1869இல் மடுல்சீமையிலே தென்பட்ட கோப்பித் துரு இருபதாண்டுகளுள் கோப்பித் தோட்டங்களைப் பெரும்பாலும் அழித்தது. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையிலே 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு அறுவடைக் காலம் என ஒன்று இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். எனவே தொழிலாளர் பெண்டு பிள்ளைகளோடு நிலையாகத் தங்கலாயினர். ஊர் திரும்பும் வழக்கம் மெல்ல அற்றுப்போயிற்று. விழா மக்களைத் தேடி மலையேறியது என்றே கூறல் வேண்டும்.

லயத்துக் காம்பராவின் முன்னுள்ள குறுகிய நிலமே முற்றமாயிற்று. சாணமிட்டு மெழுகிக் கோலமிட்டு, மூன்று கல் வைத்துப் பானையேற்றி, ஞாயிற்றை நோக்கிப் பொங்கினர். பானையிலிட்ட அரிசி அவர்கள் விளைவித்ததன்று. கடல் கடந்து வந்து, தோட்டத்தாராற் கொடுக்கப்பட்டு, கூலியிற் கழிக்கப்பட்ட அரிசி. ஐப்பசித் தீபாவளிக்கும் முற்பணம் பெற்றே புத்தாடை வாங்கினர். யாழ்ப்பாணத்து உழவன் தைப்பூசத்திலே தன் வயலிற் புதிரெடுத்து மகிழ்ந்தான். மலையகத்தானோ வயலின்றியே ஞாயிற்றுக்கு நன்றி செலுத்தினான். விளைவுக்கு நன்றி கூறும் விழா, உழைப்புக்கு நன்றி கூறும் விழாவாக மாறிற்று.

வயலின்மை போதாதென்று நாடின்மையும் நேர்ந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆந் தேதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்தது. உறவினர் பிரிந்தனர். ஒரே குடும்பத்தார் கடலின் இருகரையிலும் தனித்தனியே பொங்கலிட நேர்ந்தது. எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று.

ஈற்றில் வயலுடையோரும் வயலிழந்தனர். மகாவலி கங்கையிலே கட்டப்பட்ட விக்டோரியா அணை 1985இல் திறந்துவைக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரும், சூழ இருந்த நெல்வயல்களும் நீருள் மூழ்கின. பல தலைமுறையாகப் புத்தரிசி படைத்த சிங்கள உழவர் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வேறிடஞ் சென்றன. நகர் மேட்டிலே புதிதாக எழுந்தது. நீர் குறையுங் காலத்திற் பழைய கட்டடங்களின் எச்சங்கள் வெளிப்படுவதுண்டு.

தோட்டத் தமிழன் கடலுக்கப்பால் விட்டு வந்த வயலும், தும்பறைச் சிங்களவன் நீருக்கடியில் விட்டுச் சென்ற வயலும் மீளா. ஆயினும் இரு சாராரும் புத்தரிசி விழாவைக் கைவிட்டாரல்லர். வயலின்றியும் விழா நிலைபெறும் என்பதனை இவ்வரலாறு காட்டுகின்றது. ஆயின் வீடின்றி நிலைபெறுமோ? கொழுந்து பறிப்போருட் பல குடும்பங்கள் இன்றும் தமக்கு உரிமையில்லா லயங்களிலேயே பானையேற்றுகின்றன. பொங்கல் வைக்கும் முற்றமாவது அவர்களுக்குச் சொந்தமாதல் வேண்டும். அந்நாள் வரும்வரை இவ்வரலாறு முற்றுப்பெற்றதாகாது.