காத்திருப்பும் கணக்கும்: மட்டக்களப்பு வாவிக்கரை வீதிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு வீதியின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது? அதன் அகலத்தைக் கொண்டா, அதிற் செல்லும் வண்டிகளின் தொகையைக் கொண்டா, அன்றி அவ்வழியே செல்வோர் இழக்கும் நேரத்தைக் கொண்டா? போக்குவரத்துப் பொறியியலார் இவ்வினாவுக்கு விடைகாண முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக முயன்று வந்துள்ளனர். அவர்கள் கண்ட விடைகளை மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் வரலாற்றோடு பொருத்தி நோக்கும்போது, அவற்றின் சிறப்பும் குறையும் ஒருங்கே புலனாகின்றன.

வடக்கே ஏறாவூர்ப் பகுதியிலிருந்து தெற்கே கல்முனைப் பகுதிவரை ஏறத்தாழ 56 கி.மீ. நீளத்துக்குக் கிடக்கும் வாவி, நிலத்தை இருகூறாக்குகின்றது. கடலை அடுத்துள்ள ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை. மேற்கே வயல்கள் விரிந்த நிலம் படுவான்கரை. நெல் விளைவது பெரிதும் படுவான்கரையில். பெருஞ் சந்தைகளும் பெரிய வைத்தியசாலைகளும் அமைந்தவை எழுவான்கரையிலும் நகரிலும். எனவே வாவியைக் கடத்தல் இம்மக்களின் அன்றாட வாழ்வோடு பின்னிப் பிணைந்ததாயிற்று. மண்முனைத்துறை, அம்பிளாந்துறை என்னும் பெயர்களே இதற்குச் சான்றாகும். வண்டிகளையும் மக்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவையை இப்பகுதியார் ‘பாதை’ என்றே வழங்குவர். நீர்மேல் மிதப்பதனையும் வழியாகவே கருதிய வழக்கு இது.

மட்டக்களப்பு நகரின் பழம்பகுதியாகிய புளியந்தீவு வாவியாற் சூழப்பட்டது. போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டு இங்குக் கோட்டை அமைத்தமைக்கும், ஒல்லாந்தர் 1638இல் அதனைக் கைப்பற்றியமைக்கும் நீரரண் ஒரு காரணமெனலாம். அரணாக விளங்கிய நீர் பிற்காலத்திற் போக்குவரத்துக்குத் தடையாயிற்று. தேசாதிபதி சேர் வில்லியம் மானிங்கின் ஆட்சிக்காலத்தில், 1924ஆம் ஆண்டு, கல்லடியிற் கட்டப்பட்ட இரும்புப் பாலம் அவர் மனைவியின் பெயரால் ‘லேடி மானிங் பாலம்’ எனப்பட்டது. அது ஒருவழிப் பாலம். எதிரெதிரே வந்த வாகனங்கள் மாறி மாறியே அதனைக் கடக்க வேண்டியிருந்தது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பொத்துவில் வழியாக மட்டக்களப்பை அடையும் ஏ4 வீதியின் இறுதிப் பகுதியில், இவ்வொடுங்கிய வாயில் ஏறத்தாழ 89 ஆண்டுகள் நிலைத்தது.

இப்பாலம் கட்டப்பட்டபோது வீதியின் தரத்தை அளக்கும் முறையான கலை தோன்றியிருக்கவில்லை. 1930களில் ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திற் புரூஸ் கிறீன்சீல்ட்ஸ் என்பார், வீதியிற் செல்லும் வாகனங்களை அடுத்தடுத்துப் படம்பிடித்து, அடர்த்தி கூடக்கூட வேகம் குறைவதைக் கணக்கிட்டுக் காட்டினார். 1950இல் அந்நாட்டில் வெளியான நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கைந்நூல், ஒரு வீதி மணிக்கு எத்தனை வாகனங்களைத் தாங்கும் என்பதையே முதன்மையாக ஆராய்ந்தது. 1965ஆம் ஆண்டுப் பதிப்பு, ஏ முதல் எஃப் வரை ஆறு சேவைத்தரங்களை வகுத்தது.

ஈரொழுங்கை நாட்டுப்புற வீதிகளைப் பொறுத்தவரை உண்மையான திருப்பம் 1985ஆம் ஆண்டுப் பதிப்பில் நிகழ்ந்தது. இத்தகைய வீதியில், முன்செல்வதை முந்த விரும்புவோர் எதிர்வரும் வாகனங்களுக்குரிய ஒழுங்கையினுட் புகவேண்டும். எதிரே இடைவெளி கிடைக்காதவிடத்துப் பின்னே தொடர்வதன்றி வேறு வழியில்லை. ஆதலின், பயண நேரத்தில் எத்தனை நூற்றுவீதம் மெதுவான வாகனத்தின் பின்னே தடைப்பட்டுக் கழிகின்றது என்பது முதன்மை அளவாயிற்று. 30 நூற்றுவீதத்துக்கு மேற்படாதது முதற்றரம்; 75 நூற்றுவீதத்தைக் கடந்தால் ஐந்தாந் தரம். ஒவ்வொரு பயணியையும் பின்தொடர்ந்து அளத்தல் அரிதாகையால், முன்வாகனத்துக்குப் பின் 5 செக்கனுக்குட்பட்ட இடைநேரத்திற் செல்வன தடைப்பட்டவையெனக் கொள்ளப்பட்டன. 2000ஆம் ஆண்டில் இவ்வெல்லை 3 செக்கனாகக் குறைந்தது. 2022இல் வெளியான ஏழாம் பதிப்பு, பின்தொடரும் வாகனங்களின் அடர்த்தியையே அளவாக ஏற்றது. வண்டிகளை எண்ணத் தொடங்கிய கலை, காத்திருப்பை எண்ணும் கலையாக வளர்ந்த வரலாறு இதுவாகும்.

இவ்வளவையால் நோக்கின் பழைய கல்லடிப் பாலத்தின் இயல்பு நன்கு விளங்கும். அது வாகனங்களைத் தடுத்ததோடு அமையவில்லை; தனித்தனியே வந்தவற்றைத் தொடராகக் கோத்தும் அனுப்பியது. பாலத்தை விட்டு நீங்கிய தொடர், காத்தான்குடி, ஆரையம்பதி ஆகிய நெருங்கிய ஊர்களினூடே முந்த இடமின்றிச் சென்றது. பாலத்தின் ஒடுக்கம் பாலத்தோடு முடியவில்லை. அதன் விளைவு வீதியின் நெடுந்தூரத்தைப் பற்றியது. தொகையை மட்டும் எண்ணியவர்க்கு இது புலப்பட்டிராது.

2013ஆம் ஆண்டு மார்ச்சில், ஜப்பானிய உதவியோடு கட்டப்பட்ட புதிய ஈரொழுங்கைப் பாலம் திறக்கப்பட்டது. 2014இல் மண்முனைத்துறையிலும் பாலம் அமைந்து, ‘பாதை’யின் பணி அங்கு முடிவுற்றது. வாயிலிற் காத்திருத்தல் நீங்கியது. ஆனால் பின்தொடர்தல் நீங்கவில்லை. துவிச்சக்கர வண்டியும் முச்சக்கர வண்டியும் நெல்லேற்றிய உழவு இயந்திரமும் பேருந்தும் ஒரே ஒழுங்கையைப் பகிரும் வீதியில், மோட்டார்க் காரை அலகாகக் கொண்டு பிறநாட்டார் வகுத்த எல்லைகள் அப்படியே பொருந்தா. அறுவடைக் காலமும் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத் தேரோட்டமும் போன்ற வேளைகளை, ஆண்டுச் சராசரி மறைத்துவிடுகின்றது.

இவற்றினும் பெரியதொரு குறையும் உண்டு. எந்தக் கணக்கும் வீதிக்கு வந்தவர்களையே எண்ணும். வர இயலாதவர்களை எண்ணாது. 2007ஆம் ஆண்டுவரை படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அக்காலத்தில் வாவியைக் கடத்தல், சோதனைச் சாவடிகளைக் கடத்தலாகவும் இருந்தது. துறையில் மிதவை மறுகரையில் நின்ற இரவில் வைத்தியசாலையை அடைய முடியாத நோயாளியும், பிந்துமென அஞ்சி நெல்லை வந்த விலைக்கு வயலருகே விற்ற உழவனும் எப்பதிவிலும் வாகனமாகத் தோன்றார். வாகனங்கள் குறைவாகச் சென்ற துறை, கணக்கின்படி நெரிசலற்ற துறையாகவே காட்சியளிக்கும். உண்மையிலோ தடை மிகுந்தமையே அக்குறைவுக்குக் காரணம்.

ஆகவே, காத்திருப்பை அளவாக ஏற்றது இக்கலையின் பெரும் முன்னேற்றமாயினும், அவ்வளவு வீதியின் மேல் மட்டும் நின்றுவிடலாகாது. துறையிலும் கரையிலும் கழிந்த நேரமும் அதனுட் சேர வேண்டும். வாவிக்கரையில் அடுத்த பாலம் எங்கு அமைய வேண்டுமென ஆராய்வோர், ஓடும் வாகனங்களை எண்ணுவதோடு, ஓடாது நின்றவற்றின் காரணத்தையும் வினவுவாராயின், அக்கணக்கு இம்மண்ணுக்குரிய கணக்காகும்.