செம்மண் களத்தில் ஓர் உலகப் பட்டம்

1891-ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட பிரெஞ்சு தேசிய டென்னிஸ் பந்தயத்தில், பிரான்ஸ் தேசத்துக் கழகங்களின் அங்கத்தினர்களைத் தவிர வேறெவரும் ஆட இயலாது என்ற விதி முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்தது. உலகமெங்கும் வீரர்கள் பெருகிவந்த காலத்தில் இப்படிக் கதவை அடைத்து வைத்திருந்த அதே பாரிஸ் நகரத்தின் மேற்குப் புறத்தில், ஸேன் நதிக்கு அப்பாலுள்ள ஸாங்-க்ளூ வனப்பூங்காவில், ஸ்தாத் ஃபிரான்ஸே என்ற விளையாட்டுக் கழகத்தாரின் ஃபெஸாந்தரி மைதானத்தில், எந்நாட்டாரும் வந்து ஆடலாம் என்ற பிரகடனத்துடன் 1912-ல் ஒரு புதிய பந்தயம் தொடங்கியது. அதற்கு உலகக் கடினத்தரை டென்னிஸ் பந்தயம் என்று பெயர். புல்தரை அல்லாத திறந்தவெளிக் களம் எதுவாயினும் கடினத்தரை என்றே அக்காலத்தார் வழங்கியதால் ஏற்பட்ட பெயர் அது. ஆடப்பட்டதோ செம்மண் தூளின் மீது.

அந்தத் தூளுக்கும் ஒரு பூர்வகதை உண்டு. பிரான்ஸின் தென்கோடியில் கான் நகரில், ரென்ஷா என்ற ஆங்கிலச் சகோதரர்கள் 1880-களில் அமைத்த புல்தரை வெயிலில் காய்ந்து போகவே, பக்கத்து வல்லோரி ஊரில் உடைந்து கழிக்கப்பட்ட மண்பாண்டங்களைப் பொடியாக்கி அதன்மேல் தூவினார்கள் என்று சொல்வார்கள். நம் ஊர்க் கொத்தனார்கள் சுண்ணாம்புக் காரையில் சேர்த்த சுர்க்கியைப் போன்ற இந்தச் செங்கற்பொடியைத் தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டிப் பதப்படுத்தினால், பந்து புல்லில் வழுக்கி ஓடுவதைப் போல் ஓடாமல், சற்றே தயங்கி உயர எழும்புகிறது. ஓடி வருபவன் கால் பாவியவுடன் நிற்க முடியாமல் சறுக்கிக்கொண்டே பந்தை அடிக்கப் பழக வேண்டும். பந்து பட்ட இடத்தில் நீள்வட்டமாக ஒரு தழும்பு விழுந்துவிடுவதால், கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்ற வழக்கில் களமே சாட்சி சொல்லும். வேகத்தைக் காட்டிலும் பொறுமைக்கும் யுக்திக்கும் அதிக மதிப்புக் கொடுத்த இந்தத் தரையில் உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று நிர்ணயிக்க விரும்பியது நியாயமான ஆசையே.

முதலாண்டில் ஜெர்மானியரான ஓட்டோ ஃப்ராய்ட்ஸ்ஹைம், தம் தேசத்தவரான ஆஸ்கர் க்ராய்ட்ஸரை இறுதி ஆட்டத்தில் வென்றார். பெண்களில், அதே ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கிலும் தங்கம் பெற்ற பிரெஞ்சு மங்கை மார்கரித் ப்ரோக்கெதி பட்டம் பெற்றார். மறு ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி, பன்னிரண்டு தேசங்களின் சங்கங்கள் பாரிஸில் கூடிச் சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தை ஸ்தாபித்தன. புல்தரைக்கு விம்பிள்டன், செம்மண்ணுக்குப் பாரிஸ், கூரைக்குக் கீழ் மரத்தரைக்கு ஊர்தோறும் மாறிச் செல்லும் ஒரு பந்தயம் என்று மூன்று உலகப் பட்டங்களை அந்தச் சம்மேளனம் அங்கீகரித்தது. அவ்வாண்டிலேயே அம்மூன்றையும் ஒருசேர வென்றவர் நியூஸிலாந்துக்காரரான ஆந்தனி வைல்டிங். கேம்பிரிட்ஜில் படித்த வழக்கறிஞர். மோட்டார் சைக்கிளில் தேசம் தேசமாகச் சுற்றுவதில் மோகம் கொண்டவர். விம்பிள்டனில் 1910 முதல் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வெற்றி வாகை சூடியவர். 1914-லும் செம்மண் பட்டத்தை அவரே தக்கவைத்துக் கொண்டார்.

ஆனால் அவ்வாண்டு ஜனங்களைப் பரவசப்படுத்தியது வேறொரு வெற்றி. பதினைந்து வயதே நிரம்பிய சுஸான் லாங்லென் என்ற சிறுமி, ஜெர்மேன் கோல்டிங்கை எளிதாகத் தோற்கடித்துப் பெண்கள் பட்டத்தைப் பெற்றாள். களத்தின் மூலைகளில் கைக்குட்டையை விரித்து வைத்து, அதன்மேல் பந்து விழும்படி ஓயாமல் அடிக்கச் சொல்லிப் பழக்கியவர் அவள் தகப்பனார். அந்தக் கண்டிப்பு சற்று அதிகமென்றே எனக்குத் தோன்றினாலும், அதன் பலனாக உண்டான கைத்திறனுக்கு இணையானது அக்காலத்தில் வேறெங்கும் இருக்கவில்லை.

அடுத்த சில வாரங்களில் மகாயுத்தம் மூண்டது. அமெரிக்காவில் டேவிஸ் கோப்பை ஆட்டத்தில் வைல்டிங்கின் அணியைச் சந்தித்துத் தோற்றுக் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த ஃப்ராய்ட்ஸ்ஹைமையும் க்ராய்ட்ஸரையும், ஜிப்ரால்டர் அருகே பிரிட்டிஷ் கடற்படை பிடித்துச் சிறைவைத்தது. வைல்டிங் 1915 மே 9-ஆம் தேதி வடபிரான்ஸின் போர்முனையில், முப்பத்தொன்றாம் வயதில், குண்டுக்கு இரையானார். ஆக, யுத்தத்துக்கு முன் அந்தக் களத்தில் ஆண்களுக்கான பட்டம் பெற்ற இருவரில் ஒருவர் கைதி, மற்றவர் பலி. ஐந்தாண்டுக் காலம் பந்தயமே இல்லை.

1920-ல் மீண்டும் தொடங்கியபோது ஜெர்மானியருக்கு இடமில்லை. பிரெஞ்சுக்காரரான வில்லியம் லாரென்ட்ஸ் வென்றார். அவரும் இரண்டாண்டுகளுக்குள் இளவயதிலேயே காலமானார். 1921-ல் அமெரிக்காவிலிருந்து பில் டில்டன் வந்து பெல்ஜியத்தின் ஜான் வாஷரை வீழ்த்தினார். நார்வேயில் பிறந்து அமெரிக்கரான மோலா மல்லோரி, அப்போது உலகப் புகழின் சிகரத்திலிருந்த லாங்லென்னுடன் மோதி நேர் செட்களில் தோற்றார். 1922-ல் பந்தயம் பிரஸ்ஸல்ஸ் நகருக்குச் சென்றது. லியோன் நகரத்துக் கழகமொன்றில் பிறர் ஆடும்போது பந்து பொறுக்கிக் கொடுத்து வளர்ந்த ஆன்ரி கோஷே என்ற இருபது வயது இளைஞர், பின்னாளில் அடைந்த பெருமைக்கெல்லாம் அங்கேதான் அஸ்திவாரம் போட்டார். கடைசி ஆண்டான 1923-ல் பந்தயம் மீண்டும் பாரிஸில் நடக்க, அமெரிக்கரான பில் ஜான்ஸ்டனும் லாங்லென்னும் பட்டம் பெற்றார்கள்.

இவ்வளவு கியாதி பெற்ற பந்தயம் ஏன் நின்றது? கூட்டம் குறைந்தோ, பணம் போதாமலோ அன்று. தொடக்கத்திலிருந்தே அமெரிக்கச் சங்கம் சர்வதேச சம்மேளனத்தில் சேர மறுத்துவந்தது. புல்தரை உலகப் பட்டத்தை விம்பிள்டனுக்கே உரிமையாக்கிவிட்டதை, டென்னிஸில் தானும் பெரிய சக்தியென்று கருதிய அந்தத் தேசத்தால் சகிக்க முடியவில்லை. 1923-ல் ஏற்பட்ட சமரசத்தின்படி, உலகப் பட்டம் என்ற பெயர் அடியோடு நீக்கப்பட வேண்டும், சம்மேளனத்தின் மொழி என்றென்றும் ஆங்கிலமாக இருக்க வேண்டும் என்ற இரு நிபந்தனைகளின் பேரில் அமெரிக்கா உள்ளே வந்தது. மூன்று உலகப் பட்டங்களும் ஒரே கையெழுத்தில் மறைந்தன. விம்பிள்டனுக்கு அதனால் யாதொரு நஷ்டமும் இல்லை. பட்டம் போனாலும் பந்தயம் இருந்தது. பாரிஸ் செம்மண் பந்தயத்துக்கோ அந்தப் பட்டமே உயிர்.

அதன் ஸ்தானத்தை நிரப்புவதற்காகவே பிரெஞ்சு தேசியப் பந்தயம் 1925-ல் அயல்நாட்டாருக்குத் திறந்துவிடப்பட்டது. அந்த முதல் சர்வதேசப் பந்தயமும் ஸ்தாத் ஃபிரான்ஸே கழகத்தின் மைதானத்திலேயே நடந்தது. 1928-ல் எழும்பிய புதிய அரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்ததும், யுத்தத்தில் மாண்ட தன் அங்கத்தினரான விமானி ரோலான் காரோஸின் பெயரை அதற்குச் சூட்டச் செய்ததும் அதே கழகம்தான். ஆனால் வாரிசாக வந்த பந்தயத்தின் வெற்றியாளர் பட்டியலைப் புரட்டிப் பார்த்தால், உள்நாட்டுக் கழகத்தார் மட்டும் தமக்குள் ஆடிய 1891 முதலான ஆண்டுகளின் பெயர்கள் எல்லாம் வரிசையாக இருக்க, பல தேசத்தாரை எதிர்த்து வென்ற ஃப்ராய்ட்ஸ்ஹைமும் வைல்டிங்கும் ஜான்ஸ்டனும் அதில் இல்லை. லாங்லென் உள்நாட்டுப் பந்தயத்தில் பெற்ற வெற்றிகள் கணக்கில் ஏறுகின்றன. உலகத்தை எதிர்த்து நான்கு முறை பெற்ற வெற்றிகள் ஏறுவதில்லை. இந்தப் பட்டியலைத் திருத்தி எழுத வேண்டும் என்றே நான் கருதுகிறேன். இரண்டு பந்தயங்களின் பெயர்களையும் ஒரே பக்கத்தில், ஆண்டு வாரியாக, அருகருகே அச்சிட்டாலே போதும். எது அக்காலத்தின் பெரிய வெற்றி என்பதை வாசிப்பவரே அறிந்துகொள்வார்.