கடல் கடந்த பிள்ளை

தமிழ்நாட்டை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவர்க்குப் பள்ளிக்கூடம், வங்கி, கடவுச்சீட்டு அலுவலகம் முதலிய இடங்களில் தவறாமல் நேரும் சங்கடம் ஒன்று உண்டு. விண்ணப்பத் தாளில் பெயருக்கு ஒரு கட்டமும், குடும்பப் பெயருக்கு வேறொரு கட்டமும் இருக்கும். முதற் கட்டத்தை நிரப்பிவிட்டு, இரண்டாவதன் முன் பேனாவைத் தூக்கியபடியே தயங்கி நிற்போம். அருகில் நிற்கும் பானர்ஜிக்கும் குல்கர்னிக்கும் அத்தயக்கம் இல்லை. 'குடும்பப் பெயர்' என்ற சொல்லே நம்மிடம் பழையதன்று. பிறர் வழக்கை விளக்குவதற்காக நாம் ஆக்கிக்கொண்டது. தந்தையின் பெயர் நம் பெயர்க்கு முன் ஓர் எழுத்தாக நிற்கும். சிலர்க்கு ஊரின் பெயரும் மற்றோர் எழுத்தாக உடன் நிற்கும். நமக்கு ஒரு மகன் பிறந்ததும் பாட்டனாரின் எழுத்து உதிர்ந்துவிடும். தலைமுறை தோறும் மாறாமல் தொடர்ந்து வரும் பெயர் நம் பழைய வழக்கில் இல்லை.

அவ்வாறிருக்க, கடல் கடந்து சென்ற தமிழரிடம் மட்டும் குடும்பப் பெயர் எவ்வாறு முளைத்தது? தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிள்ளை, நாயுடு, மூட்லி, கோவெண்டர், செட்டி, படையாச்சி என்பன இன்று குடும்பப் பெயர்களாகவே வழங்குகின்றன. முதலி என்பது மூட்லியாகவும், கவுண்டர் என்பது கோவெண்டராகவும் அங்கே உருமாறிவிட்டன. அதே கவுண்டர் பட்டம் பசிபிக் கடலிலுள்ள பிஜித் தீவில் பெரும்பாலும் உருக்குலையாமல் இருக்கிறது. இவற்றுள் 'பிள்ளை' என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் பயணத்தைப் பின்தொடர்ந்து பார்ப்போம்.

பிள்ளை என்பது இளமையைக் குறிக்கும் சொல். மனிதக் குழந்தைக்கு மட்டுமின்றிக் கிளிக்கும் அணிலுக்கும் கீரிக்கும் தென்னங்கன்றுக்கும் அது பொருந்தும். அன்போடு விளிக்கும் அச்சொல் எப்படியோ மரியாதைப் பட்டமாக உயர்ந்துவிட்டது. அப்பட்டத்தை இன்று ஒரு சாதிக்கு உரியதாகவே பலர் எண்ணுகின்றனர். வரலாறு அதற்கு இடம் தரவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டு வைணவ ஆசாரியர்களாகிய பிள்ளை லோகாசாரியரும் பெரியவாச்சான் பிள்ளையும் அந்தணர்கள். திருவிதாங்கூர் மன்னர்கள் நாயர்களுக்கு இதனைப் பட்டமாக அளித்தனர். தகழி சிவசங்கரப் பிள்ளை அம்மரபில் வந்தவர். தமிழின் முதல் நாவலை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர். நாகசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை இசை வேளாளர். சைவ வேளாளரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஊர்க்கணக்கு எழுதியவர் எக்குலத்தவராயினும் 'கணக்குப்பிள்ளை' என்றே அழைக்கப்பட்டார். 1540களில் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், தம் உபதேசியார்களுக்கு இப்பெயரையே போர்த்துக்கீசிய உருவில் வழங்கினார். பின்னர் ஆங்கிலேயர் அதனைக் 'கானிக்கோப்பொலி' என்று சிதைத்துத் தம் அகராதியிலும் ஏற்றினர்.

ஆகவே கப்பல் ஏறுவதற்கு முன்பே இச்சொல் பலர் வாயிற் புகுந்து பல வடிவம் கொண்டிருந்தது. பேச்சுத் தமிழில் 'பெண்' என்பது 'பொண்ணு' ஆவதைப் போலப் 'பிள்ளை' என்பது 'புள்ளெ' ஆகும். பிரெஞ்சுக்காரர் காதில் விழுந்தது இந்தப் பேச்சு வடிவமே. புதுச்சேரித் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையை அவர்கள் 'புல்லே' என்ற ஈறு கொடுத்தே எழுதினர். அதன் சந்ததியை இன்றும் இந்துமாக் கடலின் ரெயூனியன் தீவில் காணலாம். அங்கே நெடுங்காலம் நகர மேயராகவும் பிரெஞ்சுச் செனட்டராகவும் விளங்கியவரின் குடும்பப் பெயர் 'விராபுல்லே'. வீரப்பிள்ளை என்ற முன்னோர் ஒருவரின் முழுப்பெயரே அது என்பதைத் தமிழர் எவரும் கண்டுகொள்வர். இலங்கையிலும் 'புள்ளே' உண்டு. அந்நாட்டு அமைச்சராயிருந்து 2008இல் குண்டுவெடிப்பில் உயிர் நீத்த ஜெயராஜ் பெர்னாண்டோபுள்ளேயின் பெயரில் போர்த்துக்கீசியமும் தமிழும் ஒரே சொல்லாகப் பிணைந்து கிடக்கின்றன. ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளிலோ ஏட்டுவழக்கை ஒட்டிய வடிவம் நிலைத்தது. தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ், செய்ஷெல்ஸ் ஆகிய இடங்களில் அதன் ஆங்கில எழுத்து பெரும்பாலும் 'ஒய்' என்பதில் முடியும். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பிற்காலத்தில் சென்றவர் பெயர் 'ஐ' என்பதில் முடியும். இது பொது வழக்கேயன்றி விதி அன்று.

இனி நேட்டாலுக்கு வருவோம். 1860 நவம்பர் 16ஆம் நாள், 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே சென்றவர் 1,52,184 பேர். அவர்களுள் சுமார் மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. கப்பற் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடலிலுள்ள தழும்பு அல்லது மச்சம் ஆகியவற்றைக் குறித்தனர். குடும்பப் பெயருக்குக் கட்டம் இல்லை. பெரும்பாலோர் முனுசாமி, பெருமாள், அங்கம்மாள் என ஒற்றைப் பெயரோடே கரையிறங்கினர்.

ஒப்பந்தம் முடிந்து அவர்கள் அந்நாட்டிலேயே தங்கிய பின்னர்தான் குடும்பப் பெயர் தேவைப்பட்டது. குழந்தையின் பிறப்பைப் பதியவேண்டும், திருமணத்தைப் பதியவேண்டும், நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கவேண்டும், பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கவேண்டும். எழுத்தர் ஆங்கில முறைப்படி குடும்பப் பெயர் என்னவென்று கேட்டார். சிலர் தந்தையின் பெயரைச் சொன்னார்கள். ஆதலால் முன்சாமி, கோவிந்தசாமி, பெருமாள், ஆறுமுகம் என்பன அங்கே குடும்பப் பெயர்களாகி, என்றோ வாழ்ந்த பாட்டன் ஒருவன் நான்கு ஐந்து தலைமுறைகளாகப் பேரப்பிள்ளைகளின் பெயரோடு நடந்துகொண்டிருக்கிறான். வேறு சிலர் பட்டத்தைச் சொன்னார்கள். பிள்ளையும் நாயுடுவும் அவ்வாறு ஏறியவை.

பட்டத்தைச் சொன்னவர் எல்லாரும் ஊரில் அப்பட்டத்தைத் தாங்கியவர் அல்லர். பட்டியலின் சாதிக் கட்டத்தில் வேறொன்று எழுதப்பட்டிருக்க, சந்ததியார் மட்டும் உயர்ந்த பட்டத்தோடு விளங்குவது உண்டென்று இவ்வரலாற்றை ஆராய்ந்தோர் எடுத்துக்காட்டியிருக்கின்றனர். இதனைப் போலித்தனம் என்று சிரிப்பவரும் உளர். எனக்கு அவ்வாறு சிரிக்கத் தோன்றவில்லை. தோட்டத்தில் அந்த மனிதன் ஓர் எண். தோட்டத்திற்கு வெளியே, தமிழன் எவனாயினும் வெள்ளையர்க்கு அவன் வெறும் 'சாமி'. முனுசாமி, ராமசாமி என்ற பெயர்களின் வாலைப் பிடித்து அவர்கள் உண்டாக்கிய ஏளனச் சொல் அது. 'சாமி என்றால் எஜமான் என்று பொருள். நான் உமக்கு எஜமான் அல்லவே' என்ற கருத்தில் துணிவுள்ள இந்தியர் சிலர் விடை கூறியதைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் நினைவுகூர்கிறார். அத்தகைய இடத்தில், பதிவேட்டில் எழுதும் வாய்ப்பு ஒருமுறை கிடைத்தபோது, தன் ஊரில் தனக்கு மறுக்கப்பட்ட மரியாதைச் சொல் ஒன்றை அவன் எடுத்துச் சூடிக்கொண்டான். இதில் ஏமாந்தவர் யார்?

மற்றொரு மாறுதல் இதனினும் பெரிது. தமிழ்நாட்டில் பிள்ளை என்பது ஆடவர் பட்டம். மகளிர் பெயரின் பின்னே அம்மாள், ஆச்சி என்பனவே வரும். குடும்பப் பெயராகிவிட்ட பிறகு இந்த வேறுபாடு நீங்கியது. 1941இல் டர்பனில் ஒரு பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்து, 1967இல் நேட்டாலிலேயே சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் தொடங்கிய முதற் பெண்மணியாகி, 2008 முதல் 2014 வரை ஐக்கிய நாடுகளின் மனித உரிமை உயர் ஆணையராகப் பணியாற்றியவர் நவநீதம் பிள்ளை. உலகம் அறிந்த பிள்ளைமாருள் ஒருவர் பெண் என்பதை நம் பாட்டிமார் கேட்டிருந்தால் விரலை மூக்கில் வைத்திருப்பர்.

மலேயாவின் கதை வேறு. ராபிள்ஸ் துரையோடு 1819இல் பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வந்து, 1827இல் மாரியம்மன் கோயிலை நிறுவிய நாராயண பிள்ளை, தம் பட்டத்தோடே வந்திறங்கிய சுதந்திர வணிகர். ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழர் இலட்சக் கணக்கிற் சென்ற அந்நாட்டில், பிள்ளை என்பது டர்பனைப்போல் பரவலான குடும்பப் பெயராக வேரூன்றவில்லை. காரணம் எளிது. அங்கே அடையாளச் சீட்டில் இன்னார் மகன், இன்னார் மகள் என்றே மலாய் மொழியில் எழுதுகிறார்கள். தந்தை பெயரைக் கேட்ட நாட்டில் தமிழனின் பழைய வழக்கு பிழைத்தது. குடும்பப் பெயரைக் கேட்ட நாட்டில் பட்டம் பெயராகியது. எந்த நாட்டில் எவ்வளவு பிள்ளைமார் என்பதை நிர்ணயித்ததில், எந்தச் சாதியார் எவ்வளவு பேர் கப்பலேறினர் என்பதைவிட, எழுத்தரின் கேள்விக்கே பங்கு அதிகம் என்பது என் கருத்து.

அந்தக் கேள்வி இன்றும் ஓயவில்லை. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு நாடுகள் 2022 நவம்பரில் அறிவித்தபோது கலங்கியவருள் தமிழர் பலர். சீட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தையின் பெயர் இருந்தால் போதும் என்று பின்னர் விளக்கம் வந்தது.

கடலுக்கு அப்பால் பட்டம் இவ்வாறு இறுகிக்கொண்டிருந்த அதே காலத்தில், தாயகத்தில் நாம் அதனைக் கழற்றிக்கொண்டிருந்தோம். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரோடு சாதிப் பட்டத்தைச் சேர்ப்பதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. தீர்மானங்கள் பெரும்பாலும் தாளோடு நின்றுவிடுவது உலக வழக்கம். இத்தீர்மானம் நடைமுறைக்கு வந்தது. இன்று தமிழ்நாட்டு இளைஞர் பெயர்ப் பட்டியலில் பிள்ளையையும் முதலியாரையும் அரிதாகவே காண்போம். 2021இல் பாடநூல்களில் முன்னோர் பெயர்களினின்றும் இவை நீக்கப்பட்டன. மீனாட்சிசுந்தரம் பிள்ளை மீனாட்சிசுந்தரனார் ஆனார்.

ஆகவே டர்பனிலிருந்து வரும் பிள்ளை ஒருவரும் சென்னைவாசி ஒருவரும் சந்தித்தால், ஒருவரையொருவர் தவறாக எண்ணிக்கொள்ள இடமுண்டு. சென்னைவாசிக்கு அப்பெயர் சாதியின் அறிவிப்பாகப் படும். வந்தவர்க்கோ, அது தம் குடும்பத்தில் எஞ்சியுள்ள தமிழ்ச் சொல். வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்க்கு அச்சொல்லின் பொருள் 'குழந்தை' என்பதுகூடத் தெரியாமல் இருக்கலாம்.

வெளி மாநிலங்களிலுள்ள நாம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவர்கள். நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் ஹாக்கி ஆடிய தன்ராஜ் பிள்ளை பூனாவை அடுத்த கட்கியில் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்தவர். அவர் பெயரும் ஆங்கிலத்தில் 'ஒய்' என்ற எழுத்தில்தான் முடிகிறது. கடல் கடக்காமலே அது டர்பன் உருவம் பெற்றுவிட்டது. வடநாட்டுப் பள்ளியில் இப்பெயருடைய சிறுவர்க்கு வேறொரு தொல்லையும் உண்டு. ஹிந்தியில் 'பில்லா' என்றால் நாய்க்குட்டி. பரிகாசம் செய்யும் தோழர்களிடம், எங்கள் மொழியிலும் அது அணிற்குட்டி வரையில் செல்லும் சொல்தான் என்று விடை சொல்லலாம்.

தென்னாப்பிரிக்காவிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் தங்கள் பூர்விக ஊரைத் தேடி இந்தியா வருவோர் உண்டு. அவர்களுள் ஒருவர், நம் பேச்சைக் கேட்டுத் தமிழர் என்று அறிந்து நம்மிடமே வழி கேட்கலாம். 'என் பெயர் பிள்ளை. எங்கள் கிராமம் எது?' என்றால், அப்பெயரைக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. அவர் பாட்டனாரின் கப்பல் எண்ணைக் கேளுங்கள். நேட்டாலுக்குச் சென்றவரின் பட்டியல்களைப் படித்துக் கணினியில் ஏற்றும் பணி டர்பனிலேயே நடந்திருக்கிறது. எண் கிடைத்தால், பிள்ளை என்ற பட்டம் இல்லாத ஒரு பெயரும், தந்தையின் பெயரும், ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஒரு கிராமத்தின் பெயரும் கிடைக்கும். அக்கிராமத்தின் பெயரை மனத்திற்குள் படிப்பதை விட்டு, இரண்டு மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவேண்டும். வட ஆர்க்காடு என்று ஜில்லா குறிக்கப்பட்டிருந்தால், அது இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருவண்ணாமலை முதலிய மாவட்டங்களிலும் ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதியிலும் பிரிந்து கிடக்கிறது என்பதை, அவர் ரயிலுக்குச் சீட்டு வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவது நலம்.