பதினைந்தாம் சுற்று – அத்தியாயம் 7: சராத்தே விழுந்த இரவு

1978 அக்டோபர் 28. புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவான். ரொபெர்ட்டோ கிளெமென்டே அரங்கில் அன்றிரவு மேடையேறிய இருவரின் கணக்கையும் கூட்டினால் மொத்தம் 74 சண்டைகள். தோல்வி ஒன்றுகூடக் கிடையாது. எதிர்த்து நின்றவர்களில் 72 பேர் கடைசி மணி அடிக்கும் முன்பே வீழ்ந்தவர்கள். குத்துச்சண்டை வரலாற்றில் இப்படி இரண்டு கைராசிக்காரர்கள் நேருக்கு நேர் மோதியது அபூர்வம்.

ஒருவர் மெக்சிகோவின் கார்லோஸ் சராத்தே. 52 சண்டைகளில் 51 நாக்-அவுட். பாண்டம்வெயிட் சாம்பியன். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பார். தன் எடைப் பிரிவில் அடிப்பதற்கு ஆள் இல்லாமல், ஒரு படி மேலே ஏறி வந்திருந்தார். இன்னொருவர் சொந்த மண்ணில் நின்ற வில்ஃப்ரெடோ கோமெஸ். முதல் சண்டை சமனில் முடிந்தது. அதற்குப் பிறகு வந்த 21 பேரையும் சாய்த்துவிட்டார். அவருக்கு ஊரார் வைத்த பெயர் ‘பஸூக்கா’.

ஐந்தாவது சுற்றில் எல்லாம் முடிந்துவிட்டது. மெக்சிகோவின் பெருமைக்குரிய சராத்தே திரும்பத் திரும்பக் கீழே விழுந்தார். நான்காவது சுற்றின் மணி அடித்த பிறகும் கோமெஸ் குத்தினார் என்று மெக்சிகோக்காரர்கள் குறைப்பட்டார்கள். குறையில் நியாயம் இருக்கலாம். ஆனால் மணிக்கு முன்னால் விழுந்த குத்துகளே போதுமானவையாக இருந்தன.

அந்த இரவில் சால்வடோர் சான்செஸுக்கு வயது 19. உலகத்துக்கு அவர் யாரென்றே தெரியாது. ஓராண்டுக்கு முன்புதான் மஸத்லான் நகரில் தேசியப் பட்டத்துக்கான சண்டையில் அந்தோனியோ பெசெராவிடம் தோற்றிருந்தார். மெக்சிகோவின் உள்ளூர் பட்டத்தையே பிடிக்க முடியாத பையன், சராத்தேயின் கணக்கைத் தீர்ப்பான் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

சென்ற வாரம் அவரை எங்கே விட்டோம்? 1980 ஜூன் 21, லாஸ் வேகஸ். டேனி லோபஸை இரண்டாவது முறையாக, இந்த முறை பதினான்காவது சுற்றில் வீழ்த்தி, ஃபெதர்வெயிட் உலகப் பட்டம் தனக்கே உரியது என்று உறுதிசெய்த இடத்தில். அதற்குப் பிறகு சான்செஸ் ஓய்வெடுக்கவில்லை. செப்டம்பரில் கயானாவின் பேட்ரிக் ஃபோர்ட், டிசம்பரில் புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ஹுவான் லாபோர்ட்டே, 1981 மார்ச்சில் ஸ்பெயினின் ரொபெர்ட்டோ கஸ்தான்யோன் என்று வரிசையாக வந்தார்கள். முதல் இருவரும் பதினைந்து சுற்றுகளும் தாக்குப்பிடித்தார்கள். ஸ்பெயின்காரர் பத்தாவது சுற்றோடு நின்றுபோனார். பட்டம் கைமாறவில்லை.

ஆனாலும் ஒரு முணுமுணுப்பு இருந்துகொண்டே இருந்தது. இந்தப் பையன் நல்ல சாம்பியன்தான், பெரிய சாம்பியனா? ஃபோர்டுடனான சண்டையில் அவர் தடுமாறியதைப் பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். குத்துச்சண்டை ரசிகர்களுக்கு இடியாக இறங்கும் கை வேண்டும். சான்செஸோ காத்திருக்கிறவர்.

அந்தக் காத்திருப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தத் தொடர் முழுவதும் அதைப் பற்றியதுதான். சான்செஸ் காலை மெல்லப் பின்வைப்பார். எதிராளிக்குத் தைரியம் வரும், முன்னேறுவார், கையை வீசுவார். வீசுகிற அந்தக் கணத்தில்தான் எவருடைய தாடையும் காவலற்றுப் போகிறது. தாக்க நீண்ட கை தடுக்கத் திரும்பி வருவதற்கு நேரம் பிடிக்கும். அதற்குள் சான்செஸின் தலை இருந்த இடத்தில் இருக்காது. அவருடைய வலது கை மட்டும் போய்ச் சேர்ந்திருக்கும். இதைச் செய்ய வேகம் மட்டும் போதாது. தன்னை நோக்கி வருகிற குத்தைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் நிதானம் வேண்டும். அதோடு மூச்சு. அவர் பிறந்து வளர்ந்த சாந்தியாகோ தியாங்கிஸ்தெங்கோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்த அந்த ஊரில் ஓடிப் பழகிய நுரையீரல், பத்தாவது சுற்றுக்குப் பிறகு மற்றவர்கள் வாயால் மூச்சு வாங்கும்போது மூக்கால் மூச்சு விட்டது. பயிற்சியாளர் என்ரிக்கே ஹுவெர்ட்டா அவரிடம் வளர்த்தெடுத்ததும் இதைத்தான். மஸத்லான் தோல்விக்குப் பிறகு அவர் ஒரு சண்டையில்கூடத் தோற்கவில்லை என்பதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

இப்போது கோமெஸிடம் வருவோம்.

1981-க்குள் அவருடைய கணக்கு 33 சண்டைகள், 32 நாக்-அவுட்களாக வளர்ந்திருந்தது. சூப்பர் பாண்டம்வெயிட் பட்டத்தை 13 முறை காப்பாற்றியிருந்தார். அந்த 13 பேரில் ஒருவர்கூட இறுதி மணி கேட்கவில்லை. அவருக்கும் சராத்தேக்கு வந்த அதே ஆசை வந்தது. ஒரு படி மேலே ஏற வேண்டும், ஃபெதர்வெயிட் பட்டத்தையும் எடுக்க வேண்டும். அந்தப் பட்டம் ஒரு மெக்சிகோக்காரரின் இடுப்பில் இருந்தது.

சண்டையை நடத்தியவர் டான் கிங். ‘குட்டிப் பூதங்களின் போர்’ என்று பெயர் சூட்டினார். இரண்டு நாடுகளும் ஸ்பானிய மொழி பேசுகிறவை. குத்துச்சண்டையை உயிராக நினைக்கிறவை. ஒன்று பெரிய தேசம், மற்றது அமெரிக்கக் கொடியின் கீழ் இருக்கும் சிறு தீவு. அந்தத் தீவுக்காரர்களுக்கு மேடையில் கிடைக்கும் வெற்றி வெறும் விளையாட்டு அல்ல. மெக்சிகோவுக்கோ சராத்தேயின் புண் மூன்று ஆண்டுகளாக ஆறாமல் இருந்தது.

கோமெஸ் வாய் ஓயவில்லை. சான்செஸைத் தூக்கி எறிவேன் என்று போகிற இடமெல்லாம் சொன்னார். பந்தயக்காரர்களிலும் பலர் அவர் பக்கம். சான்செஸ் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. இருபத்திரண்டு வயதில் அவ்வளவு அமைதி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அது மேடையில் அவர் செய்ததன் தொடர்ச்சிதான் என்று தோன்றுகிறது. எதிராளியை முன்னே வரவிடு.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிக்கவில்லை. மேல் எடைப் பிரிவுக்கு வந்தும்கூட 57 கிலோவுக்குள் இறங்க கோமெஸ் படாதபாடு பட்டார். எடை குறைக்கப் பட்டினி கிடந்த உடம்பு, பயிற்சிக்காகச் செலவழிக்க வேண்டிய நாட்களைத் தின்றுவிட்டது. அவரிடம் இடி இருந்தது. அந்த இடியை எட்டாவது, ஒன்பதாவது சுற்று வரை சுமந்துபோகும் சரக்கு இருந்ததா?

1981 ஆகஸ்ட் 21. லாஸ் வேகஸ், சீசர்ஸ் பேலஸ். நடுவர் கார்லோஸ் பதியா, மணிலாவில் அலியும் ஃப்ரேஸியரும் மோதியபோது நடுவில் நின்றவர்.

மணி அடித்தது. கோமெஸ் காத்திருக்கவில்லை, நேராக வந்தார். முதல் நிமிடம்கூட முழுதாகக் கழியவில்லை. சான்செஸின் கைகள் அடுத்தடுத்து இறங்கின. முப்பத்திரண்டு பேரைத் தரையில் பார்த்துப் பழகிய கோமெஸ், தானே தரையில் இருந்தார்.

அரங்கத்துக்கு ஒரு கணம் நம்ப முடியவில்லை. பதியா எண்ணத் தொடங்கினார். கோமெஸ் எழுந்தார். எழுந்தவரைச் சான்செஸ் கயிற்றோரம் தள்ளி, சுற்று முடியும்வரை குத்தினார். வலது கன்ன எலும்பு உடைந்த நிலையில்தான் மீதிச் சண்டை முழுவதையும் கோமெஸ் போட்டார்.

வேறொருவராக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கோமெஸைப் பற்றி எனக்கு இருக்கும் மரியாதை அடுத்த ஆறு சுற்றுகளில் பிறந்தது. வீங்கிக்கொண்டே போன முகத்தோடு, ஒரு கண் மூடத் தொடங்கிய நிலையில், அவர் முன்னேறிக்கொண்டே இருந்தார். இடது ஹூக்கால் சான்செஸின் விலாவைத் தேடினார். சில சுற்றுகளை அவர்தான் எடுத்தார் என்று சொல்வதில் தவறே இல்லை. புவேர்ட்டோ ரிக்கோக்காரர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். அவர்களுக்கு நம்பிக்கை திரும்பியிருந்தது. முதல் சுற்றில் அவசரப்பட்டு முடிக்கப் பார்த்த சான்செஸ் இப்போது தன் பழைய தாளத்துக்குத் திரும்பியிருந்தார். ஓர் அடி பின்னால். ஒரு பார்வை. வலது கை. மறுபடி ஓர் அடி பின்னால். கோமெஸ் வாங்கிய ஒவ்வொரு குத்தும் அவர் கொடுக்கப்போன குத்துக்குப் பதிலாகவே வந்தது. தைரியம் கூடக்கூட வாங்கியதும் கூடியது.

எட்டாவது சுற்று. சான்செஸின் வலது கை சரியாக இறங்கியது. கோமெஸ் கயிற்றுக்குப் போனார். இந்த முறை சான்செஸ் காத்திருக்கவில்லை. குத்துகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழ, கோமெஸ் கயிறுகளுக்கிடையே சரிந்தார். எப்படியோ எழுந்தார். ஆனால் பதியா அந்தக் கண்களைப் பார்த்தார். போதும் என்று கையசைத்துவிட்டார். எட்டாவது சுற்றில் 2 நிமிடம் 9 நொடி.

முணுமுணுப்பு அன்றோடு நின்றது. ‘தி ரிங்’ இதழ் 1981-ன் சிறந்த வீரராக இருவரைத் தேர்ந்தெடுத்தது. ஒருவர் சுகர் ரே லெனார்ட். மற்றவர் சால்வடோர் சான்செஸ்.

அடுத்த சில மாதங்களை வேகமாகக் கடந்துவிடலாம். டிசம்பரில் ஹூஸ்டனில் இங்கிலாந்தின் பேட் கௌடெல் வந்தார்; மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர், நீண்ட இடது ஜாபால் சான்செஸைத் தொல்லைப்படுத்தினார். கடைசிச் சுற்றில் கௌடெலைக் கீழே தள்ளித்தான் சான்செஸ் தப்பித்தார். தீர்ப்பாளர்களும் பிரிந்தே தீர்ப்பளித்தார்கள். 1982 மே மாதம் டல்லஸில் ஹோர்ஹே கார்சியாவை வென்றது பெரிய செய்தி அல்ல.

பெரிய செய்தி அவர் மனதில் இருந்தது. கோமெஸுடன் மறுபோட்டி. இன்னொரு அமைப்பின் ஃபெதர்வெயிட் சாம்பியனான பனாமாவின் எவுசெபியோ பெத்ரோசா. எடை ஏறி அலெக்ஸிஸ் ஆர்கெயோ. மேடையை விட்டு இறங்கியபின் மருத்துவம் படிக்க வேண்டும் என்ற ஆசை. இருபத்து மூன்று வயதில் இந்தப் பட்டியலுக்கெல்லாம் காலம் தாராளமாக இருப்பதாகத்தான் யாருக்கும் தோன்றும்.

ஜூலை 21-க்கு நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு சண்டை குறிக்கப்பட்டது. எதிராளி கொலம்பியாவின் மரியோ மிராண்டா. நாள் நெருங்கியபோது மிராண்டா விலகிக்கொண்டார். அரங்கம் பதிவாகிவிட்டது. அவசரமாக ஓர் ஆள் வேண்டும்.

வந்தவர் கானாவின் அக்ரா நகரைச் சேர்ந்த 24 வயது இளைஞர், அஸுமா நெல்சன். 13 சண்டைகள், 13 வெற்றிகள். 1978-ல் எட்மன்டன் காமன்வெல்த் போட்டியில் தங்கம். ஆப்பிரிக்காவில் அவரை அறியாதவர் இல்லை. நியூயார்க்கில் அறிந்தவர் இல்லை. இடத்தை நிரப்ப வந்த மாற்று ஆள் என்றுதான் அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. சில வார அவகாசத்தில் உலக சாம்பியனை எதிர்கொள்ள ஒருவர் சம்மதிக்கிறார் என்றால் ஒன்று பணம் வேண்டும், அல்லது தன்மேல் அசாத்திய நம்பிக்கை வேண்டும். நெல்சனைப் பொறுத்தவரை இரண்டாவது காரணத்தைத்தான் நான் நம்புகிறேன்.

முதல் சுற்றிலேயே கார்டன் நிமிர்ந்து உட்கார்ந்தது. சான்செஸ் பின்வாங்கினார், நெல்சன் முன்னே வந்தார். ஆனால் மற்றவர்களைப் போல வந்து மாட்டிக்கொள்ளவில்லை. சான்செஸின் வலது கை கிளம்பும்போது நெல்சனின் இன்னொரு குத்தும் கிளம்பியிருந்தது. காத்திருந்து அடிக்கிறவரை, காத்திருக்கவே விடாமல் அடித்தார். ஏழாவது சுற்றில் சான்செஸ் அவரைக் கீழே தள்ளினார். இதோ முடிந்தது என்று மெக்சிகோக்காரர்கள் எழுந்து நின்றார்கள். நெல்சனும் எழுந்து நின்றார். நின்றதோடு இல்லாமல் திரும்பவும் முன்னே வந்தார்.

எட்டு. ஒன்பது. பத்து. சான்செஸின் எதிராளிகள் மூச்சுத் திணறும் சுற்றுகள் இவை. இந்த ஆள் திணறவில்லை. பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று. பதினான்காவது சுற்றின் மணி அடித்தபோது இருவரும் தங்கள் மூலைக்கு நடந்தே போனார்கள்.

தீர்ப்பாளர்களின் தாளில் இடைவெளி பெரிதாக இல்லை. பெயர் தெரியாத ஒருவர் இன்னும் மூன்று நிமிடம் இப்படியே நின்றுவிட்டால், பட்டத்தின் கதி அந்த மூன்று தாள்களின் கையில். சான்செஸுக்கு முன்னே இருந்தது ஒரே வழி: இதுவரை எவராலும் நிறுத்த முடியாத நெல்சனைத் தானே நிறுத்துவது. அதற்கு அவர் தன் வழக்கத்தை விட்டுவிட்டு, தானே முன்னே போக வேண்டும். ஒரே ஒரு குத்து குறி தவறினால் எல்லாம் போய்விடும்.

அன்று ஜூலை 21. ஆகஸ்ட் 12-க்கு இன்னும் 22 நாட்கள் இருந்தன. அந்தத் தேதி என்ன கொண்டுவரப்போகிறது என்று அந்த அரங்கில் யாருக்கும் தெரியாது.

பதினைந்தாம் சுற்றுக்கான மணி அடித்தது. சான்செஸ் பின்வாங்கவில்லை.

(தொடரும்)