ஒரு டாலர் சம்பளம்: ராட் டீடோவும் அமெரிக்கக் கல்லூரிப் பேஸ்பாலும் (1942–1986)

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 1942-இல் தன் பேஸ்பால் அணியை ஒரு லாரி கம்பெனி முதலாளியிடம் ஒப்படைத்தது. அவருக்கு அப்போது 28 வயது. 1986-இல் அவர் ஓய்வு பெற்றபோது 1,332 வெற்றிகளும் 11 தேசியப் பட்டங்களும் அவர் கணக்கில் இருந்தன. பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்த சம்பளம், பெயருக்கு, ஆண்டுக்கு ஒரு டாலர்.

ராட் டீடோ என்ற அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த ஒரு டாலரை ஒரு சுவையான துணுக்காகச் சொல்லிவிட்டுப் பட்டங்களை எண்ணப் போய்விடுகிறார்கள். அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அந்த டாலரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். கல்லூரிப் பயிற்சியாளர் என்ற பதவி பகுதி நேரப் பொறுப்பாக இருந்து முழுநேரத் தொழிலாக மாறிய காலமும் டீடோவின் காலமும் ஒன்றே. பழைய முறையில் வேலைக்கு வந்தவர் அவர். அந்த முறை எதைச் சாதிக்க முடியும், எங்கே நின்றுபோகும் என்ற இரண்டையும் அவருடைய பதிவேட்டிலேயே பார்க்கலாம்.

1914-இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த டீடோ வளர்ந்தது லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில். ஹாலிவுட் உயர்நிலைப் பள்ளியில் படித்து, தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக அணியில் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஆடி, 1935-இல் அதன் கேப்டன் ஆனார். அதே ஆண்டு கேஸி ஸ்டெங்கல் நிர்வகித்த புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் இரண்டு ஆட்டங்கள் கிடைத்தன. நான்கு முறை மட்டை பிடித்து ஒரு ஹிட் அடித்தார். மறு ஆண்டு முதுகெலும்பில் காயம்பட்டது. ஆட்டக்காரராக அவர் கதை அத்தோடு சரி. ஸ்டெங்கலுடனான உறவு மட்டும் கடைசிவரை நீடித்தது. பிற்காலத்தில் நியூயார்க் யாங்கீஸுக்குப் பட்டம் மேல் பட்டம் வாங்கித் தந்த ஸ்டெங்கலின் வீடும் லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய கிளெண்டேலில்தான் இருந்தது.

ஆடும் வழி அடைபட்டதும் டீடோ 500 டாலர் முதல் போட்டு லாரிப் போக்குவரத்துத் தொழிலில் இறங்கினார். டார்ட் என்ற அந்த நிறுவனம் நன்றாக வளர்ந்தது. இது நம் பொருளுக்கு வெளியே உள்ள செய்தி போலத் தோன்றலாம். ஆனால் வேலை போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாத ஒரு பயிற்சியாளரை உருவாக்கியது இந்தத் தொழில்தான். ஒரு பருவம் தோற்றாலும் அவர் வீட்டு அடுப்பு எரியும். புதுப் பையனை நம்பிக் களமிறக்கவும், பிட்சராக வந்தவனை அடித்து ஆடுகிறவனாக மாற்றிப் பார்க்கவும் அந்தத் தைரியம் வேண்டும்.

அவருக்கு முன் அணியை நடத்திய சாம் பேரி கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால் என மூன்றையும் கவனித்தவர். பேஸ்பாலுக்கென்று தனியாக ஒரு முழுநேர ஆள் தேவை என்ற எண்ணமே அன்று வலுப்பெறவில்லை. போர்க்காலத்தில் பேரி கடற்படைக்குப் போகும்போது தன் பழைய மாணவரான டீடோவின் பெயரைச் சொன்னார். 1946-இல் திரும்பி வந்ததும் இருவரும் இணைந்து பயிற்சி தந்தார்கள். 1950-இல் பேரி இறந்தபின் பொறுப்பு முழுவதும் டீடோவிடம் வந்தது.

இதற்கிடையே 1947-இல், தேசியப் பட்டத்தை முடிவுசெய்யும் கல்லூரி உலகத் தொடர் தொடங்கியிருந்தது. முதல் ஆண்டு இறுதிச் சுற்றில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்திடம் தோற்ற யேல் அணி, அடுத்த ஆண்டும் மிச்சிகனின் கலமசூ நகருக்கு வந்தது. இந்தமுறை அதை வென்றது பேரி–டீடோ இருவரின் அணி. யேல் அணியின் கேப்டன், பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ். 1950-இல் தொடர் நெப்ராஸ்காவின் ஒமாஹாவுக்கு இடம் மாறி, அங்கேயே நிலைத்தது. டீடோவின் மற்றப் பத்துப் பட்டங்களும் ஒமாஹாவில் வென்றவை: 1958, 1961, 1963, 1968, 1970 முதல் 1974 வரை இடைவிடாமல் ஐந்து, பிறகு 1978.

அந்த ஐந்து ஆண்டுகளை நின்று பார்க்க வேண்டும். தென் கலிஃபோர்னியாவில் குளிர்காலத்திலும் ஆடலாம், ஆட்டக்காரர்களுக்கும் பஞ்சமில்லை, ஆகவே வென்றார்கள் என்பது வழக்கமான விளக்கம். அது உண்மைதான், ஆனால் போதாது. அதே வெயிலும் அதே ஆட்டக்காரர் வளமும் பக்கத்துக் கல்லூரிகளுக்கும் இருந்தன. இறுதி ஆட்டங்களின் ஸ்கோர் வேறொன்றைச் சொல்கிறது. 1970-இல் ஃபுளோரிடா ஸ்டேட்டை 15 இன்னிங்ஸ் ஆடி 2–1. 1972-இல் அரிசோனா ஸ்டேட்டை 1–0. 1973-இல் மீண்டும் அதே அரிசோனா ஸ்டேட்டை 4–3. ஐந்தில் மூன்று பட்டங்கள் ஒரே ஒரு ரன்னில் கிடைத்தவை. 1968-இல் சதர்ன் இல்லினாயை வென்றதும் 4–3 என்ற கணக்கில்தான்.

கிரிக்கெட்டில் ஒரு கேட்ச் தவறினால் மீள்வதற்கு நேரம் உண்டு. ஒன்பது இன்னிங்ஸில் 27 அவுட் மட்டுமே உள்ள பேஸ்பாலில், அதுவும் இரண்டு மூன்று ரன்னில் முடியும் ஆட்டத்தில், தவறான பேஸுக்கு எறிந்த ஒரு பந்து கோப்பையையே கொண்டு போய்விடும். கையால் வரும் பிழையை டீடோ பொறுத்தார். கவனக்குறைவால் வரும் பிழைக்கு அபராதம் விதித்தார். எல்லோரையும் 'டைகர்' என்று அழைத்து, ஆட்டக்காரர்களைப் பாடவும் சிரிக்கவும் விட்ட அதே மனிதர்தான் இந்தக் கணக்கையும் வைத்திருந்தார். அவர் அணிகளின் இறுகாத மனநிலைக்கும் ஒரு ரன் வெற்றிகளுக்கும் தொடர்பு உண்டு என்பது என் துணிபு.

1973 அரையிறுதி இதற்குச் சான்று. மினசோட்டாவின் டேவ் வின்ஃபீல்ட் எட்டு இன்னிங்ஸ் வீசி 15 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தார். ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது ஸ்கோர் 7–0. தென் கலிஃபோர்னிய அணி அந்த ஒரே இன்னிங்ஸில் எட்டு ரன் எடுத்து 8–7 என்று வென்றது. மூன்று அவுட் மட்டுமே கையில் இருந்த அணி இப்படித் திரும்பி வந்ததை அதிர்ஷ்டம் என்று மட்டும் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதத்திலும் அவர் அவசரப்படவில்லை. ஃபிரெஸ்னோ சிட்டி கல்லூரியில் படித்த டாம் சீவருக்கு உடனே உதவித்தொகை தராமல், கோடைப்பருவத்தில் அலாஸ்காவின் கோல்ட்பேனர்ஸ் அணியில் ஆடிக் காட்டச் சொன்னார். ஆடிக் காட்டிய சீவர் பின்பு நியூயார்க் மெட்ஸின் மகத்தான பிட்சர் ஆனார். பிட்சராகச் சேர்ந்த மார்க் மக்வயர் அடிப்பவராக மாறியதும் இந்த அணியில்தான். ஃப்ரெட் லின், ராண்டி ஜான்சன் ஆகியோரும் இங்கிருந்து தொழில்முறைப் பேஸ்பாலுக்குப் போனவர்களே.

கல்லூரிக்கு வெளியே அவர் செய்த வேலையில் ஜப்பானுக்குத் தனி இடம் உண்டு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் பேஸ்பால் காட்சி விளையாட்டாக நடந்தபோது அமெரிக்க அணியை அழைத்துச் சென்றவர் அவர். 1972-இல் தொடங்கிய அமெரிக்க–ஜப்பான் கல்லூரித் தொடரிலும் அவர் பங்கு பெரிது. 1984 ஒலிம்பிக்கில், தன் சொந்த ஊரில், டாட்ஜர் ஸ்டேடியத்தில், மக்வயர், வில் கிளார்க், பேரி லார்கின் ஆகியோர் இருந்த அவருடைய அணியை 6–3 என்று ஜப்பான் தோற்கடித்தது. அப்போதும் அது காட்சி விளையாட்டுதான்; பேஸ்பாலுக்கு முறையான ஒலிம்பிக் பதக்கம் 1992 பார்சிலோனாவில்தான் கிடைத்தது.

இனிச் சரிவுக்கு வருவோம். 1978-க்குப் பின் டீடோவின் அணி ஒமாஹாவுக்குப் போகவில்லை. மறு ஆண்டே பட்டம் வென்றது, சற்றுத் தொலைவில் உள்ள கால் ஸ்டேட் ஃபுல்லர்டன். அதன் பயிற்சியாளர் ஆகி காரிடோ. மயாமியில் ரான் ஃப்ரேசர் விதவிதமான விளம்பர உத்திகளால் கூட்டத்தையும் பணத்தையும் திரட்டி 1982, 1985 பட்டங்களை வென்றார். ஆள் தேடுவதையும் நிதி சேர்ப்பதையும் முழுநேரமும் செய்யும் தலைமுறை வந்துவிட்டது. பந்தை எளிதாகத் தொலைவுக்கு அடிக்க உதவும் அலுமினிய மட்டை 1974 முதல் அனுமதிக்கப்பட்டதால், ஒரு ரன்னுக்காகக் காத்திருந்து ஆடும் முறையும் மதிப்பிழந்தது. மாறிய ஆட்டத்துக்கு டீடோவின் கருவிகள் முழுதாகப் பொருந்தவில்லை என்றே சொல்ல வேண்டும். இன்று முன்னணிக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் சிலர் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கும் மேல் வாங்குகிறார்கள்; அந்தத் தொகைக்கான நெருக்கடியும் அவர்கள் தலையில் இருக்கிறது.

டீடோவுக்கு அடுத்து அதிகப் பட்டம் வென்ற காரிடோவும், லூயிசியானா ஸ்டேட்டின் ஸ்கிப் பெர்ட்மனும் ஆளுக்கு ஐந்தோடு நின்றார்கள். 2006-இல் டீடோ மறைந்தார்.

அவர் ஓய்வு பெற்றபின் அவர் இடத்துக்கு வந்த மைக் கில்லெஸ்பி, 1961-இல் பட்டம் வென்ற டீடோ அணியில் ஆடியவர். 1998-இல் அவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் 12-ஆவது பட்டத்தை வென்றார். எதிரணி, 1972-இல் 1–0 என்று தோற்ற அதே அரிசோனா ஸ்டேட். இந்தமுறை ஸ்கோர் 21–14.