கரும்புக்குள் வாழும் நன்மை தரும் பாக்டீரியா

செடிக்குள் பாக்டீரியா புகுந்தாலே நோய்தான் என்று பலர் நினைப்பதுண்டு. ஆனால், செடியின் திசுக்களுக்குள் வாழ்ந்தும் தீங்கு செய்யாமல், அதன் வளர்ச்சிக்குத் துணைநிற்கும் பாக்டீரியாக்களும் உள்ளன. கரும்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பிரேசிலில் பல ஆண்டுகளாகக் கரும்புக்குக் குறைந்த அளவே தழைச்சத்து உரம் இடப்பட்டும் விளைச்சல் சரியவில்லை. காரணத்தைத் தேடிய ஆய்வாளர் ஜோஹன்னா டோபரைனரும் அவருடைய சக ஆய்வாளரும், கரும்பின் வேரிலும் தண்டிலும் வாழும் ஒரு பாக்டீரியாவைப் பற்றி 1988-இல் அறிவித்தனர். அதன் இன்றைய பெயர் குளுக்கோனசெட்டோபாக்டர் டையசோட்ரோபிக்கஸ்.

பயறு வகைகளின் வேரில் ரைசோபியம் பாக்டீரியா முடிச்சுகளை உண்டாக்கும். கரும்பில் அப்படி முடிச்சு எதுவும் இராது. இந்தப் பாக்டீரியா கரும்பின் சர்க்கரையை உண்டு, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி பயன்படுத்தக்கூடிய வடிவத்திற்கு மாற்றுகிறது. வேர் வளர்ச்சியைத் தூண்டும் ஆக்சினையும் சுரக்கிறது.

அதற்காக உரமே வேண்டாம் என்றாகிவிடாது. கிடைக்கும் பயன் கரும்பு ரகத்திற்கு ரகம் வேறுபடும். தழைச்சத்து உரத்தை அளவுக்கு மீறி இட்டாலோ, செடிக்குள் இருக்கும் இந்தப் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை குறைந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய உரமே, இலவசமாகக் கிடைக்கும் சத்தைத் தடுத்துவிடலாம்.